ஊர் எடுக்கப்பட்டவன்

1994ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஒருநாள், நாலாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் மகன் பாடசாலையிலிருந்து ஒரு தாள் கொண்டுவந்தான். தாளில் ஒரு மரம் கீறியிருந்தது. அடியில் ஒரு பெட்டி, அதற்கு மேல் இரண்டு, அதற்கு மேல் நாலு, உச்சியில் எட்டு. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் இரண்டு கோடுகள். ஒன்று குடும்பப் பெயருக்கு, மற்றது சொந்தப் பெயருக்கு. வெள்ளிக்கிழமைக்குள் நிரப்பிக்கொண்டு போகவேண்டும்.

அடிப்பெட்டியிலேயே சிக்கல் தொடங்கிவிட்டது. மகன் ஊரில் பிறந்தவன். அவனுடைய கடதாசிகளில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் இருப்பது என்னுடைய பெயர். என்னுடைய கடதாசிகளில் அந்த இடத்தில் இருப்பது அப்பாவின் பெயர். மகள் மொன்றியலில் பிறந்தவள். கியூபெக் சட்டப்படி பிள்ளைக்குத் தாயின் அல்லது தகப்பனின் குடும்பப் பெயர்தான் போகும் என்பதால் அவளுக்கு என் அப்பாவின் பெயர் போய்விட்டது. மனைவிக்கு அவளுடைய அப்பாவின் பெயர். 1981இலிருந்து இந்த மாகாணத்தில் கலியாணம் முடித்த பெண்ணும் பிறந்த வீட்டுப் பெயரைத்தான் வைத்திருக்க வேண்டும். ஆக, நாலு பேருள்ள வீட்டில் மூன்று குடும்பப் பெயர்கள். கடதாசியை மட்டும் பார்க்கிற ஒருவருக்கு நானும் என் மகளும் சகோதரங்கள், மகன் யாரோ.

இதற்கு யாரையும் குறைசொல்ல முடியாது. வந்திறங்கிய அன்று மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் குடும்பப் பெயரைக் கேட்டார். களைப்பிலும் பயத்திலும் நான் அப்பாவின் பெயரைச் சொன்னேன். ஊரில் என் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்தாக நின்ற அப்பா, இங்கே பின்னால் போய் முழுதாக நின்றுகொண்டார். அவ்வளவுதான் நடந்தது.

அப்போது நான் சபனெல் வீதியில் ஒரு தையல் தொழிற்சாலையில் துணி வெட்டுகிற பகுதியில் வேலை செய்தேன். என்னோடு வெட்டிய பெரியவர் ஒருவர், கியூபெக்காரர், ஓய்வெடுக்க இன்னும் இரண்டு வருடம் இருந்தவர். மதியச் சாப்பாட்டின்போது மகனின் தாளைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரித்தார். தன்னுடைய தகப்பன் வழியில் பிரான்சிலிருந்து கப்பலேறி வந்தவன் வரைக்கும் எல்லாப் பெயரும் தன்னிடம் இருக்கிறது என்றார். தாய்வழியில் முதல் ஆள் பிரெஞ்சுக்காரனே இல்லையாம். அமெரிக்கனாம். பத்து வயதுப் பெடியனாகப் பனிக்குள்ளால் நடத்திக்கொண்டு வரப்பட்டவன். "உங்களைப் போல அகதி என்றும் சொல்ல முடியாது, தானாக வந்தவன் என்றும் சொல்ல முடியாது" என்றார். அடுத்த திங்கட்கிழமை ஒரு கட்டுப் பிரதிகளைக் கொண்டுவந்து தந்தார். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

மசாசுசெற்ஸ் மாநிலத்தில் டியர்பீல்ட் என்றொரு ஊர். 1704இல் அது ஆங்கிலேயக் குடியேற்றத்தின் வடமேற்கு ஓரம். ஐரோப்பாவில் ஸ்பானிய அரசுரிமைக்காக இங்கிலாந்தும் பிரான்சும் அடிபட்டுக்கொண்டிருந்தன. அந்த அடிபாடு கடல் தாண்டி இங்கேயும் வந்தது. அந்த வருடம் மாரி முடிவில், விடிவதற்கு முன், கனடியப் பிரெஞ்சுக்காரரும் அவர்களோடு சேர்ந்த மோஹோக், அபெனாக்கி, ஹுரோன் போர்வீரர்களுமாக இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் ஊருக்குள் புகுந்தார்கள். தலைமை தாங்கியவர் ஏர்தெல் து ரூவில் என்ற பிரெஞ்சு அதிகாரி. மதிலோரம் குவிந்திருந்த பனியில் ஏறித்தான் உள்ளே குதித்தார்கள் என்பார்கள். ஐம்பது பேரளவில் இறந்தார்கள். 112 பேர் பிடிபட்டார்கள். அங்கிருந்து கனடாவுக்கு ஏறக்குறைய 300 மைல். நடக்கமாட்டாதவர்கள் வழியில் கொல்லப்பட்டார்கள்.

டியர்பீல்ட் கணக்கில் அன்று பெப்ரவரி 29. மொன்றியல் பதிவேடுகளில் அதே விடியல் மார்ச் 11. ஆங்கிலேயர் 1752 வரை பழைய நாட்காட்டியை வைத்திருந்தார்கள், பிரெஞ்சுக்காரர் புதியதற்கு மாறிவிட்டார்கள். வம்சம் தேடுகிறவர்கள் முதலில் விழுகிற குழி இது என்று பெரியவர் சொன்னார்.

பிடிபட்டவர்களில் யோசியா றைசிங் என்ற சிறுவன் அந்த ஊர்க்காரனே அல்ல. கொனெற்றிக்கட்டில் சபீல்ட் என்ற இடத்தில் 1694இல் பிறந்தவன். உறவினர் வீட்டில் நின்ற நேரத்தில் அகப்பட்டுக்கொண்டான். அபிகாயில் நிம்ஸ் என்ற பெண்குழந்தைக்கு வயது நாலுகூட ஆகவில்லை. இரண்டு பேரும் வந்துசேர்ந்த இடம் மொன்றியல் தீவின் வடகரை. சோ-ஓ-றெக்கொலே என்று பெயர். சுல்பீசியன் சபைக் குருமார் அங்கே கிறிஸ்தவ மோஹோக் மக்களுக்காக ஒரு மிஷன் நடத்தினார்கள். ஹென்றி-புராசா சுரங்க ரயில் நிலையத்தில் இறங்கி ஆற்றுப்பக்கம் நடந்தால் அந்த இடம் வரும். 1750 அளவில் கட்டிய தேவாலயம் ஒன்று இப்போதும் நிற்கிறது. இந்தத் தீவில் மிஞ்சியிருக்கிற மிகப் பழைய கோயில் அதுதான். எங்களுடைய ஆட்கள் எத்தனையோ பேர் அந்த நிலையத்தில் பஸ் மாறி வேலைக்குப் போயிருப்பார்கள். நானும் போயிருக்கிறேன். ஒருநாளும் ஆற்றுப்பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

1704 ஜூன் 15இல் அபிகாயிலுக்குத் திருமுழுக்குச் சடங்கு நடந்தது. செய்துவைத்தவர் மேரியேல் என்ற சுல்பீசியன் குரு. ஆங்கிலம் தெரிந்தவர். பிடிபட்டு வந்த ஆங்கிலேயப் பிள்ளைகள் பலருடைய பெயர்கள் அவருடைய கையெழுத்தில்தான் இருக்கின்றன. அவர் குழந்தைக்கு எலிசபெத் என்று புதுப்பெயர் வைத்தார். ஆனால் அதோடு விட்டுவிடவில்லை. சொந்த நாட்டில் இவளுக்கு அபிகாயில் என்று பெயர், பிறந்தது டியர்பீல்டில், தகப்பன் சப்பாத்துத் தைப்பவர், தாயின் பெயர் இது, பிடிக்கப்பட்ட நாள் இது, இப்போது இன்ன மோஹோக் பெண்ணின் குடிலில் இருக்கிறாள் என்று எல்லாவற்றையும் எழுதிவைத்தார். பிரெஞ்சுக் காதில் விழுந்தபடி எழுத்துகள் குளறுபடி. ஆனாலும் தாயின் கன்னிப் பெயர் உட்பட எல்லாம் இருக்கிறது. அந்தத் தாய் அப்போது உயிரோடு இல்லை.

நான் அந்தப் பிரதியைப் பல தடவை வாசித்திருக்கிறேன். பெயரைப் பறித்த அதே கைதான் பழைய பெயரையும் எழுதிவைத்திருக்கிறது. அந்தக் குருவை நல்லவர் என்று சொல்வதா, அவர் தன் வேலையைச் செய்தார் என்று சொல்வதா, எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த ஐந்தாறு வரி இல்லாவிட்டால் 290 வருடம் கழித்துச் சபனெல் வீதியில் ஒரு மனிதர் தன் தாய்வழியைப் பற்றி என்னிடம் கதைத்திருக்க மாட்டார்.

யோசியாவுக்கு இஞ்ஞாஸ் என்று கிறிஸ்தவப் பெயர் வந்தது. மோஹோக் மக்கள் தங்கள் மொழியிலும் ஒரு பெயர் வைத்தார்கள். ஷோவென்ரக்குவன்னி என்று அதை ஓரளவு உச்சரிக்கலாம். பதிவேட்டில் நடுவே 8 என்ற இலக்கம் போல் ஒரு குறி வரும். அது 'ஊ' ஓசைக்காக மிஷன் குருமார் பயன்படுத்திய கூட்டெழுத்து. பெயருக்குச் சொல்லப்படுகிற பொருள்: 'அவனிடமிருந்து அவனுடைய ஊரை எடுத்துவிட்டார்.'

பெரியவர் இதைப் பிரெஞ்சில் சொன்னபோது நான் வெட்டுமேசைக்கு முன்னால் பேசாமல் நின்றேன். ஊர் எடுக்கப்பட்டவனை, ஊர் எடுக்கப்பட்டவன் என்றே கூப்பிட்டிருக்கிறார்கள். ஒளிக்கவில்லை.

1715 ஜூலை 29. இஞ்ஞாசுக்கும் எலிசபெத்துக்கும் அதே மிஷனில் கலியாணம். அவளுக்குப் பதினைந்து வயது. இரண்டு பேரும் ஆங்கிலேயர், தங்கள் தேசத்தைக் கைவிட்டு இங்கேயுள்ள கிறிஸ்தவப் பூர்வகுடி மக்களோடு அவர்களைப் போலவே வாழ விரும்புகிறார்கள் என்று குரு எழுதினார். இந்த வரியில் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. 1713இல் சமாதானம் வந்து, பிடிபட்டவர்களை மீட்க அடுத்த வருடம் மசாசுசெற்ஸிலிருந்து தூதுக்குழு வந்து, பலர் திரும்பியும் போயிருந்தார்கள். தானாக விரும்பி நிற்கிறார்கள் என்று எழுதிவைப்பது அந்த நேரத்தில் குருவுக்கும் தேவைப்பட்டிருக்கும். எங்களுடைய அகதி விண்ணப்பங்களிலும் யாரோ ஒருவருடைய வசனத்துக்குக் கீழேதானே நாங்கள் கையெழுத்து வைத்தோம்? ஆனால் பொய் என்றும் சொல்ல முடியாது. நாலு வயதில் வந்த பெண்ணுக்குத் திரும்பிப்போக என்ன மிச்சம் இருந்தது?

இங்கே நின்றவர்களுக்குக் குடியுரிமைப் பத்திரமும் கிடைத்தது என்பது பலருக்குத் தெரியாது. 1710 மே மாதத்தில் பிரெஞ்சு அரசன் பதினாலாம் லூயி ஒரு தொகை ஆங்கிலேயருக்கு அந்த உரிமையை வழங்கினான். அவர்களில் பலர் இப்படிப் பிடிபட்டு வந்தவர்கள்.

சபீல்டில் இருந்த யோசியாவின் தகப்பன் 1719இல் மரணசாசனம் எழுதினார். இப்போது சிறைப்பட்டிருக்கும் என் அன்பு மகன் யோசியா திரும்பிவந்தால் மூன்று மாதத்துக்குள் ஐந்து பவுண் கொடுக்கவேண்டும் என்று ஒரு பகுதி அதில் உண்டு. மகன் இங்கே கலியாணம் முடித்து நாலு வருடம். அந்த ஐந்து பவுணை வாங்க அவன் போகவில்லை.

1721இல் மிஷன் மொன்றியல் தீவை விட்டு மேற்கே, இரண்டு மலைகள் ஏரிக்கரைக்கு மாறியது. இவர்களும் போனார்கள். குருமார் காணி கொடுத்தார்கள். பூர்வகுடி மக்களைப் போல வாழப்போவதாகப் பதிந்தவர்கள் கடைசியில் பிரெஞ்சுக் கமக்காரராகத்தான் வாழ்ந்தார்கள். றைசிங் என்ற பெயர் பிரெஞ்சு வாயில் றேசென் ஆனது. மகள் மரி றேசென் கன்னியாஸ்திரியாகி, மொன்றியலின் நோத்ர் டாம் சபைக்கே தலைவியாக உயர்ந்து 1811இல் இறந்தாள். பியூரிட்டன் கிறிஸ்தவர்களின் பேத்தி கத்தோலிக்க மடத்தின் தலைவி!

அவர்கள் போன ஏரிக்கரை ஊரின் இன்றைய பெயர் ஓக்கா. 1990இல் எங்கள் எல்லோருக்கும் தெரியவந்த பெயர். அந்த ஜூலை 11இலிருந்து செப்டெம்பர் 26 வரை, 78 நாட்கள். கோல்ப் மைதானத்தைப் பெருப்பிக்க, மோஹோக் மக்களின் இடுகாட்டை ஒட்டிய பைன் காட்டைக் கேட்டார்கள். அவர்கள் தடை போட்டார்கள். கானவாகேயில் மேர்சியே பாலம் மூடப்பட்டது. பிறகு இராணுவம் வந்தது. முள்ளுக்கம்பியையும் கவச வாகனத்தையும் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, அதே ஜூனில் ஊரில் மறுபடி தொடங்கிய யுத்தத்தின் செய்திக்காக நாங்கள் வானொலியைத் திருகிக்கொண்டிருந்தோம். அந்தக் காணிப் பிரச்சினையின் வேர் 1717இல் இருக்கிறது. பிரெஞ்சு அரசன் அந்த நிலத்தைச் சுல்பீசியன் குருமாருக்கு எழுதிக்கொடுத்தான். மோஹோக் மக்கள் அதை ஒருநாளும் ஏற்கவில்லை. ஊர் எடுக்கப்பட்டவன் என்ற பெயரோடு போன மனிதனுக்குக் கிடைத்த தோட்டமும் அந்த நிலத்தில்தான். பெரியவருக்கு இதைச் சொன்னேன். அவர் கொஞ்சநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, தனக்கு அது தெரியும் என்றார்.

டியர்பீல்ட் குருவானவர் ஜோன் வில்லியம்சின் மகள் யூனிஸ் கதையைப் பலர் கேள்விப்பட்டிருக்கலாம். ஏழு வயதில் பிடிபட்டுக் கானவாகேயில் வளர்ந்தாள். தகப்பன் 1706இல் விடுதலையாகி ஊர் திரும்பினார். மகளை மீட்கப் பலமுறை ஆள் அனுப்பினார்கள், 1714இல் அவரே வந்தார். அவள் வரவில்லை. ஆங்கிலத்தை மறந்துபோயிருந்தாள். மோஹோக் கணவனோடு வாழ்ந்து 1785இல் இறந்தாள். 1740க்குப் பிறகு சில தடவை தமையன் வீட்டுக்குப் போய்வந்திருக்கிறாள். கூடப் பிறந்தவர்கள் மொழிபெயர்ப்பாளரை நடுவில் வைத்துத்தான் கதைத்தார்கள். ரொறன்ரோவிலும் பாரிசிலும் சூரிச்சிலும் சகோதரங்களின் பிள்ளைகள் ஒரு கலியாணவீட்டில் சந்திக்கிறபோது என்ன மொழியில் கதைக்கிறார்கள் என்று பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பெயர் மாற்றுகிற வேலை எங்களுக்கும் புதிதல்ல. அதிலும் அமெரிக்கர் சம்பந்தப்பட்டிருக்கிறார்கள். 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன், விடுதியில் படித்த எங்கள் பிள்ளைகளுக்கு அமெரிக்கப் புண்ணியவான்களின் பெயர்களை வைத்தது. தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளையின் தகப்பனார் சிறுப்பிட்டி வைரவநாதர். அவருடைய கிறிஸ்தவப் பெயர் சைரஸ் கிங்ஸ்பெரி. அசல் கிங்ஸ்பெரி யார் என்று தேடினால், செரோக்கி மக்களிடமும் பிறகு சொக்ரோ மக்களிடமும் வேலை செய்த அமெரிக்க மிஷனரி. தாமோதரம்பிள்ளை சைவராக நின்று சி. வை. என்றே கையெழுத்திட்டார். அவருடைய மகன் அழகசுந்தரம் கிறிஸ்தவராகிப் பிரான்சிஸ் கிங்ஸ்பெரி ஆனார். பாட்டனின் இரவல் பெயர் பேரனிடம் திரும்பிவந்தது. இருநூறு வருடம் கழித்து யாராவது மரபணுவைச் சோதித்து அமெரிக்க முன்னோரைத் தேடினால் ஏமாந்துபோவார்கள். மிஷன் பதிவேட்டைத் தேடினால் ஏமாறமாட்டார்கள்.

கியூபெக்காரர் இதில் கொடுத்துவைத்தவர்கள். பிறப்பு, கலியாணம், சாவு என்று கோயில் பதிவேட்டை இரண்டு பிரதியாக எழுதி, ஒன்றை நீதிமன்றத்துக்குக் கொடுக்கவேண்டும் என்பது பழைய சட்டம். ஒன்று எரிந்தால் மற்றது இருக்கும். தாங்கே என்ற குரு 1871இலிருந்து 1890 வரை ஏழு பாகங்களில் குடும்பங்களின் அகராதியே போட்டார். 1940களில் துறுவன் நிறுவனம் பதிவேடுகளை நுண்படம் எடுத்தது. 1966இல் மொன்றியல் பல்கலைக்கழகம் பழைய பதிவுகள் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பொருத்தத் தொடங்கியது. கோத்-து-நேஜில் எங்கள் ஆட்கள் குடியிருந்த தெருக்களிலிருந்து பார்த்தால் தெரிகிற அதே மேட்டுப் பல்கலைக்கழகம்தான்.

எங்களிடம் என்ன இருந்தது? ஒல்லாந்தர் எழுதிய தோம்பு இருந்தது. பெட்டகத்துக்குள் காணி உறுதி இருந்தது, சாதக ஓலை இருந்தது. பிறகு, வேறு எந்தச் சனத்திடமும் இருக்கிறதோ தெரியாது, அந்தியேட்டிக் கல்வெட்டு இருந்தது. செத்தவரின் முப்பத்தோராம் நாளுக்கு அச்சடித்துக் கொடுக்கிற அந்தச் சின்னப் புத்தகத்தில் தேவாரத்துக்கும் புலம்பல் பாட்டுக்கும் பின்னால் வம்சாவளி என்று ஒரு பக்கம் வரும். இன்னாரின் மக்கள் இன்னார், அவர்கள் முடித்தது இன்ன ஊரில் என்று. சின்ன வயதில் அதைப் பகிடி பண்ணியிருக்கிறேன். கச்சான் சுற்றவும் உதவியது. மகனின் தாளை வைத்துக்கொண்டு இருந்தபோதுதான், எங்கள் சனம் தன் கையால் எழுதிய பதிவேடு அது ஒன்றுதான் என்று விளங்கியது. அதற்கு இரண்டாம் பிரதி என்று ஒன்றும் எங்கேயும் கட்டாயமாக வைக்கப்படவில்லை.

யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி இல்லாத காலம். கடிதம் போய்வர மாதங்கள் ஆகும். ரொறன்ரோவில் பெரியம்மா இருந்தா. பாட்டனாரின் கல்வெட்டு அவவிடம் ஒன்று இருந்தது, புடைவைகளுக்கிடையில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறா. அவவின் மருமகன் வேலைத்தலத்திலிருந்து வம்சாவளிப் பக்கத்தைப் பக்ஸில் அனுப்பினார். உச்சியில் இருந்த எட்டுப் பெட்டிகளில் ஏழு நிரம்பின. மிஞ்சியது அப்பாவின் தாய். நான் பிறக்க முந்தியே செத்துப்போனவ. கல்வெட்டில் 'அன்னாரின் பாரியார்' என்று மட்டும் இருந்தது.

"அவவை நாங்கள் மாதகலாச்சி எண்டுதான் கூப்பிடுறது" என்றா பெரியம்மா.

"பேர் என்ன பெரியம்மா?"

"மாதகலாலை கட்டிக்கொண்டு வந்தவ, அதாலை மாதகலாச்சி. பேர்... பொறு மோனை, உறுதியிலை இருக்கும். ஊரிலை பெட்டிக்கை கிடக்கு."

அந்தப் பெட்டி அடுத்த வருடம் வரை அங்கே கிடந்தது. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுதும் ஒரே வீதியால் வெளிக்கிட்டபோது சித்தப்பா இரண்டு பையும் அம்மம்மாவும் சைக்கிளுமாக வந்தார். பெட்டி வரவில்லை. திரும்பிப்போனபோது வீட்டுக் கூரையும் இல்லை.

ஆனால் அது பிறகு நடந்தது. அந்த வியாழக்கிழமை இரவு மகன் பென்சிலோடு காத்துக்கொண்டிருந்தான். இரண்டு கோட்டிலும் என்ன எழுதுவது என்று கேட்டான். முதற்கோட்டில் மாதகல் என்று எழுதச் சொன்னேன். அவன் பிரெஞ்சு எழுத்தில், ஒவ்வொரு அசையாகக் கேட்டுக் கேட்டு எழுதினான். இரண்டாவது கோட்டுக்கு 'ஆச்சி'.